கட்டி வைத்த பையும் தவக்குலும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் இது. மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அதே மழை சில நேரங்களில் சோதனையாகவும் வருகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டன. பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, அலைபேசித் தொடர்பும் இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்று போனது.

அப்படி ஓர் இரவு நம் தெருவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. கரண்ட் இல்லை. படகு வந்து நிற்கிறது, பத்து நிமிடம்தான் நேரம் என்கிறார்கள். வாப்பாவின் பிரஷர் மாத்திரை எங்கே? வீட்டுப் பத்திரம் எங்கே? கைக்குழந்தைக்குப் பால் மாவு எங்கே? அந்த இருட்டில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேட முடியாது. விடையை இன்றைக்கே தேடி, ஒரு பைக்குள் கட்டி வைத்துவிட வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைய ஜும்ஆவில் பேசவிருக்கிறோம்.

வெறுங்கையோடு வந்தவர்கள்

இதைச் சொல்லும்போது சிலர், “எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான், தவக்குல் வைத்தால் போதும்” என்று சொல்வதுண்டு. இந்தப் பேச்சு புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இது எழுந்தது. குர்ஆனே அதற்குப் பதிலும் தந்துவிட்டது.

யமன் தேசத்து மக்கள் சிலர் ஹஜ்ஜுக்கு வரும்போது வழிக்கு உணவு எதுவும் எடுத்து வர மாட்டார்கள். தாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக் கொள்வார்கள். மக்காவுக்கு வந்து சேர்ந்த பின் மக்களிடம் கையேந்துவார்கள். இவர்களைக் குறித்தே, பயணத்திற்கு வேண்டியதைச் சேர்த்து எடுத்துக் கொள்ளுமாறு கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 197ஆவது வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தயாராகாமல் வந்ததன் சுமை யார் மீது விழுந்தது? மக்காவின் மக்கள் மீது. நாம் தயாராக இல்லாதபோதும் அப்படித்தான். நம் சுமை மீட்க வந்த இளைஞர்கள் மீதும், முகாமில் இருக்கும் ஏழைகள் மீதும், நம்மை நம்பியிருக்கும் குழந்தைகள் மீதும் விழுகிறது.

ஹிஜ்ரத்தின் பை

அல்லாஹ்வின் உதவி யாருக்கு உறுதியாக இருந்ததோ, அந்த நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுக் கிளம்பிய வரலாற்றைப் பாருங்கள். கொலை செய்யத் திட்டமிட்ட எதிரிகள் சூழ்ந்திருந்த நெருக்கடி அது. ஆனால் அந்தப் பயணத்தில் ஏற்பாடு இல்லாத ஓர் இடத்தைக் கூட நம்மால் காட்ட முடியாது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகத் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். எந்த நாள் என்று தெரியாது. ஆனால் ஒட்டகம் தயார். வழி தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். ஆயினும் நம்பிக்கையானவர், பாதை அறிந்தவர். மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு ஒட்டகங்களோடு வர வேண்டும் என்று அவரிடம் பேசி வைத்தார்கள். பகலில் மக்காவின் செய்திகளைச் சேகரித்து இரவில் கொண்டு வர அப்துல்லாஹ் இப்னு அபீபக்ர் (ரலி). குகைக்குப் பால் தரும் ஆடுகளை ஓட்டி வர ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி). இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை.

அந்தப் பயணத்தின் பையைக் கட்டியது யார் தெரியுமா? ஒரு பெண். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள். உணவுப் பையின் வாயையும் தண்ணீர்ப் பையையும் கட்டக் கயிறு கிடைக்காதபோது, தமது இடுப்புக் கச்சையைக் கிழித்து இரண்டாக்கிக் கட்டினார்கள். அதனாலேயே “தாத்துன் நிதாகைன்”, இரண்டு கச்சைகளுக்கு உரியவர் என்ற சிறப்புப் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. அவசரத்திற்குப் பை கட்டியது இஸ்லாமிய வரலாற்றில் ஒரு பெண்மணிக்குப் பட்டப் பெயராகவே நிலைத்து விட்டது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மக்கத்து மக்கள் நபியவர்களிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பித் தருவதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே தங்க வைத்தார்கள். அந்த மக்களில் பலர் அவர்களை எதிர்த்தவர்கள். உயிருக்கு ஆபத்தான வேளையிலும் பிறர் பொருளுக்குப் பதில் சொல்லிவிட்டே அவர்கள் ஊரை விட்டார்கள்.

இத்தனை ஏற்பாடுகளும் முடிந்த பிறகு, குகை வாசலில் எதிரிகளின் கால்கள் தெரிந்தபோது, கவலைப்பட வேண்டாம், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள். சூரத்துத் தவ்பாவின் 40ஆவது வசனம் அதைப் பதிவு செய்கிறது. மனிதன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த இடத்தில் நின்று சொல்லப்பட்ட சொல் அது. தவக்குலின் இடம் அதுதான்.

விதியில் இருந்தால் வரட்டும் என்பவர்களுக்கு

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு வழியில் கிடைத்தது. ஆலோசனைக்குப் பின் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியின் பக்கம் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் கூறினார்கள். வெள்ளமும் அவன் விதி. வெள்ளத்திலிருந்து விலகிப் போக அவன் தந்த அறிவும், கிடைத்த எச்சரிக்கையும் அவன் விதிதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் இருந்த மக்களுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. அதன் பிறகு 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. புயலும் கனமழையும் இன்று பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. எச்சரிக்கை கிடைத்த பிறகும் அசட்டையாக இருப்பவனுக்கு அன்றைய மக்களுக்கு இருந்த காரணம் இல்லை.

பையில் முதலில் வைக்க வேண்டியது

சரி, பையில் எதை வைப்பது? பலரும் டார்ச் லைட்டிலிருந்து தொடங்குவார்கள். ஒரு முஃமின் ஒரு தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் ஒன்று தன்னிடம் இருக்கும்போது, அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது ஒரு முஸ்லிமுக்குத் தகாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட நாள் முதல் தமது வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று அதன் அறிவிப்பாளர் இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபியவர்கள் முன்வராமல், அந்தக் கடனை அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்தார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். நீங்கள் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், உங்களுக்கு யார் தர வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண் நம்பிக் கொடுத்த வளையல், உங்கள் கையில் இருக்கும் சீட்டுப் பணம், மஸ்ஜிதின் கணக்கு, கொடுக்காமல் நிற்கும் மஹர், விடுபட்ட ஸகாத் அனைத்தையும் எழுதுங்கள். தேதி போடுங்கள், கையொப்பமிடுங்கள், இரண்டு பேரைச் சாட்சியாக்குங்கள். வெள்ளத்தில் வீடு போனாலும் அடியார்களின் உரிமை போய்விடக் கூடாது. நாமே போய்விட்டாலும் நம் வாரிசுகளுக்கு அந்தத் தாள் வழிகாட்டும்.

அதோடு ஆவணங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பட்டா, வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், நிக்காஹ் பதிவுச் சான்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுப்பதற்காக அரசு தனி முகாம்களே நடத்த வேண்டி வந்தது. மூலப் பத்திரங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் புகாதபடி ஒட்டி வையுங்கள். நகல்களைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். முக்கியமான பத்து அலைபேசி எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். சார்ஜ் இறங்கிவிட்டால் நம்மில் பலருக்கு மனைவியின் எண் கூட மனப்பாடமாக இருக்காது.

பையின் மற்றப் பொருட்கள்

மருந்து: பிரஷர், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா என வீட்டில் யாருக்கு எந்த மருந்தோ, ஒரு வாரத்திற்கு உரியதை மருத்துவரின் சீட்டு நகலோடு வையுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள், காலாவதியாக விடாதீர்கள். இன்சுலினை நிரந்தரமாகப் பையில் வைக்க முடியாது. எனவே “ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, எடு” என்று பெரிய எழுத்தில் எழுதிப் பையின் மேல் ஒட்டுங்கள். குளிர்சாதனம் இல்லாதபோது அதை எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுக் கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொட்டலங்கள் அவசியம். அது இல்லாவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிப் போட்டுக் கலக்கிக் கொள்ளலாம்.

தண்ணீரும் உணவும்: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையோடு. வீட்டிலேயே மேல் மாடியில் தங்க நேர்ந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு வேண்டும். சமைக்காமல் உண்ணக் கூடிய பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை, அவல், பிஸ்கட். சர்க்கரை நோயாளிக்குத் திடீரெனச் சர்க்கரை இறங்கினால் கொடுக்கச் சிறிது சீனி. குழந்தைக்குப் பால் மாவும் பாட்டிலும்.

மற்றவை: டார்ச், மாற்று பேட்டரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், உதவிக்கு அழைக்க ஒரு விசில், ஒருவருக்கு ஒரு ஜோடி மாற்றுடை, போர்வை, சோப்பு, பெண்களுக்கு நாப்கின், கூடுதலாக ஒரு ஹிஜாப், முதியவர்களின் மூக்குக் கண்ணாடி. ஏடிஎம் வேலை செய்யாது என்பதால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம்.

இவ்வளவும் சேர்ந்து, அந்த வீட்டின் பெண்மணி தோளில் மாட்டிக் கொண்டு படியிறங்கக் கூடிய எடைக்குள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். பிள்ளைகள் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய ஸ்கூல் பை போதும். புதிது வாங்க வேண்டியதில்லை. பை இருக்கும் இடம் வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்பும் நேரம்

கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். நீங்கள் ஈரத்தில் நிற்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். ஆடு, மாடு, கோழி இருந்தால் கட்டை அவிழ்த்து விடுங்கள். கட்டிய நிலையில் அவை மூழ்கிச் சாவதற்கு நாம் காரணமாகக் கூடாது. ஓடும் வெள்ளத்தில் பைக்கையும் காரையும் இறக்காதீர்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்டத்திற்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

பையை விட உயிர் பெரிது. வெளியேறிய பிறகு பையை மறந்துவிட்டோம் என்று தெரிந்தால் அதற்காகத் திரும்பி உள்ளே போகாதீர்கள். கடல் பின்வாங்கினால், நிலம் அதிர்ந்தால், பையைத் தேடாமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். ஓர் உயிரைக் காப்பவர் மனிதகுலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்று குர்ஆன் சொல்கிறதே, அந்த உயிர்களில் உங்கள் உயிரும் ஒன்று.

முகாமில் தொழுகை நின்றுவிடக் கூடாது. இருக்கும் தண்ணீர் குடிக்க மட்டுமே போதும் என்ற நிலையில் அதைக் குடிக்க வைத்துக் கொண்டு தயம்மும் செய்யலாம். அச்ச நிலையில் நடந்தபடியோ வாகனத்தில் இருந்தபடியோ தொழவும் சூரத்துல் பகராவின் 239ஆவது வசனம் அனுமதி தருகிறது. இதன் சட்ட விவரங்களை உங்கள் மஹல்லா இமாமிடம் மழைக்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பக்கத்து வீட்டுப் பை

அன்பிற்குரிய சகோதரர்களே! நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் சபுராளிகளின் வீடுகள். ஆண்கள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது மாமியாரும் மருமகளும் சின்னக் குழந்தைகளும். சில வீடுகளில் வயதான பெரியம்மா ஒருவர் மட்டும். அந்த வீட்டுப் பையை யார் தூக்குவது?

ஹிஜ்ரத்தின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் பணம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையை இழந்த அவர்களின் தந்தை அபூகுஹாஃபா கவலையோடு கேட்டபோது, அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, அதன் மீது அவரது கையை வைத்து அமைதிப்படுத்தினார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். ஊரே கலங்கிய நேரத்திலும் வீட்டு முதியவரின் மனம் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பட்டியல் எடுக்கட்டும். தனியாக வாழும் முதியவர், நடக்க முடியாதவர், டயாலிசிஸ் செய்பவர், கர்ப்பிணி, ஆண் துணை இல்லாத வீடு. மதம் பார்க்காமல் தெருவில் உள்ள அனைவரும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். வசதியில்லாத வீடுகளுக்கு பைத்துல்மாலிலிருந்து பை கட்டிக் கொடுங்கள். 2015இல் சென்னையில் பல பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து அனைத்துச் சமுதாய மக்களையும் தங்க வைத்து உணவளித்தன. கதவைத் திறக்கும் மனம் நம்மிடம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதற்கு முன்பே திட்டமிடும் பழக்கமும் வர வேண்டும்.

இன்னொரு பயணம்

யமன் வாசிகளைக் குறித்து இறங்கிய அதே வசனம், பயணப் பொருட்களில் மிகச் சிறந்தது தக்வா என்றும் நமக்கு அறிவிக்கிறது. வெள்ளம் நம் வீட்டுக்கு வராமலேயே போகலாம், கட்டிய பை அவிழ்க்கப்படாமலேயே இருக்கலாம். ஆனால் அறிவிப்பில்லாமல் வரும் ஒரு புறப்பாடு நம் அனைவருக்கும் உண்டு. அதற்குப் பத்து நிமிட அவகாசமும் தரப்படாது. பையில் முதலில் வைத்த அந்தத் தாள், கடனையும் அமானிதத்தையும் எழுதிய தாள், இரண்டு பயணங்களுக்கும் பொதுவானது. எனவே வீட்டுக்குப் போனதும் அதிலிருந்து தொடங்குங்கள். இன்றைய அஸருக்குள் அதை எழுதி முடியுங்கள். மற்றப் பொருட்களை அடுத்த ஜும்ஆவுக்குள் சேர்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! மழையை எங்களுக்குப் பயன் தரும் மழையாக ஆக்குவாயாக! எங்கள் வீடுகளையும் குழந்தைகளையும் முதியவர்களையும் பாதுகாப்பாயாக! பிறர் உரிமை எதையும் சுமந்தவர்களாக உன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு உன்னையே சார்ந்திருக்கும் உண்மையான தவக்குலை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.